இடப்பக்கத்து இருக்கை

ஆல்டர்சன் வீட்டுச் சாவு ஊர்வலம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் தேவாலயத்துக்குப் போக வேண்டும். பிணம் போகும்போது தெருப்பக்கத்துத் திரைச்சீலைகளை மூடிவிடுவது எங்கள் யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கில் மரியாதை. எஜமானி வினிஃப்ரெட் அம்மா அன்று காலைத் தேநீர் ஆறுவதற்குள் எல்லாச் சன்னலையும் மூடிவிட்டார். ஒன்றில் மட்டும் திரைச்சீலைகள் நடுவில் சேராமல் விரலளவு இடைவெளி விட்டன. அதை ஊக்கு போட்டுக் குத்தச் சொன்னார்.

"துளி வெளிச்சம் உள்ள வரக்கூடாது, அமோஸ்."

"மேரி ஆல்டர்சன் உயிரோட இருந்தப்ப இந்த வாசப்படி மிதிச்சதில்ல. அவளுக்கு இவ்ளோ மரியாதையாம்மா?"

"அவளுக்காக இல்ல."

எனக்கும் தெரியும். முந்தின நாள் சவ ஊர்தி வைத்திருக்கும் கிர்க்பி ஆள் அனுப்பியிருந்தார். பழைய வண்டியின் அச்சு முறிந்துவிட்டதாம், இன்னொன்றைத்தான் கொண்டுவர வேண்டுமாம். அந்த இன்னொன்று எங்கள் கேப்டன் ஐயாவின் கார்.

முதல் உலகப் போர் முடிந்து வந்த கையோடு அவர் வாங்கியது. நீண்ட மூக்கு, திறந்த மேல், தோல் இருக்கைகள், பூசணிக்காய் அளவு விளக்குகள். கடல் தாண்டி ஆல்ப்ஸ் மலைவரை ஐயாவும் அம்மாவும் அதில் போய் வந்தார்கள். சுவருக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்த என்னை அதைக் கழுவ வைத்துக்கொண்டார்கள். பிள்ளையில்லாத வீட்டில் அதுதான் பிள்ளை என்று ஊரில் பேசுவார்கள், அம்மாவின் காதில் விழும்படியே. இரண்டாம் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போயிற்று. போர் முடிந்தபோது ஐயாவின் ஞாபகமும் பாதி போயிருந்தது. ஊர்வலத்துக்கு முந்தின வருஷம் கப்பலைப் பிடிக்கப் போவதாகச் சொல்லி வண்டியை எடுத்தவர் நேராக ஆற்றுக்குள் இறக்கினார். நான் குதித்து இழுத்துவந்தேன். அந்த வாரமே அம்மா கிர்க்பியைக் கூப்பிட்டு வண்டியை விற்றுவிட்டார். பெட்ரோல் குடிக்கும் அந்தப் பெரிய கார்களை அப்போது வேறு யாரும் சீந்துவதில்லை. பின்பக்கத்தை அறுத்து, கண்ணாடிக் கூண்டு வைத்து, கறுப்படித்தால் பிணம் தூக்க நீளம் சரியாக இருக்கும்.

மேற்கூரைத் துணி தைக்கப் போயிருக்கிறது என்று ஐயாவிடம் சொல்லி வைத்திருந்தோம். தினமும் கேட்பார், "வந்துச்சா?" நல்ல வேலை என்றால் நாளாகும் என்பார் அம்மா. மலைக்கு அந்தப் பக்கத்துச் சாவுகளுக்கு மட்டும்தான் எடுப்பேன் என்று கிர்க்பியிடம் வாக்கு வாங்கியிருந்தார். இந்த மனுஷனுக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

கண்ணை மறைக்கப் பாடுபட்ட எங்களுக்குக் காது நினைவுக்கு வரவில்லை. ஐயா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"நம்ம வண்டி. முதல் கியர்லயே உருட்டுறான், மடையன். கொதிக்கப் போகுது."

நாங்கள் எழுவதற்குள் தெருவில் நின்றார், கழுத்தில் செருகிய துண்டோடு. உயரத் தொப்பி வைத்துக்கொண்டு முன்னால் நடந்துவந்த கிர்க்பி நின்றார். வண்டியும் நின்றது. ஐயா அதைச் சுற்றி நடந்தார். முன்பாதி பழையபடியே திறந்து கிடந்தது. பின்னால் கண்ணாடிக்குள் பெட்டி, மேலே மஞ்சள் பூக்கள். கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். கேட்டால் என்ன பதில் சொல்வது?

"கூரை நல்லா போட்டிருக்கான், வினி," என்றார். "கண்ணாடிகூட வச்சிருக்கான்."

பிறகு கழுத்துத் துண்டை உருவி, தொப்பியைக் கழற்றுவதுபோல மெதுவாக மடித்து, பையில் வைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியாததுபோல் இருந்தாரா, இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

ஓட்டுகிறவன் பக்கம் போய் நின்றார். "இறங்குப்பா."

ஓட்டியது கிர்க்பியின் மருமகன். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"கேப்டன், சாவு ஊர்வலம் இது. வழிய விடுங்க," என்றார் கிர்க்பி.

பின்னால் வந்த கூட்டத்திலிருந்து செத்தவளின் புருஷன் கிட் ஆல்டர்சன் முன்னால் வந்தார். "ஏறட்டும் விடுய்யா. எம் பொண்டாட்டி மோட்டார்ல ஏறுறதே இன்னைக்குத்தான். ஓட்டத் தெரிஞ்சவன் ஒருத்தனாவது கூட இருக்கட்டும்."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஓட்டக் கூடாது, லயனல்," என்றார் அம்மா. "அந்தப் பக்கம் உக்காருங்க."

"அது உன் இடமாச்சே?"

"நான் நடந்து வரேன்."

ஐயா இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். அம்மா கதவில் கைவைத்தபடி கூடவே நடந்தார். சுவர் தாழும் இடத்தில் பள்ளத்தாக்கு முழுதும் திறந்துகொண்டது. ஆறும் குட்டி ஈன்ற ஆடுகளும் தெரிந்தன.

"வினி, இங்கேருந்து இவ்ளோ தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு தடவகூட சொல்லலியே நீ."

"நீங்க ரோட்டப் பாத்துட்டிருந்தீங்க."

செங்குத்து மேடு தொடங்கியது. அதற்குமேல் நடைவேகத்தில் போனால் வண்டி ஏறாது. கிர்க்பி ஒதுங்கி, பக்கப்படியில் தொற்றிக்கொண்டார். "இப்ப மாத்து," என்று ஐயா சொன்னது கேட்டது. எஞ்சின் குரல் மாறி வண்டி வேகமெடுத்தது. அம்மாவின் கை கதவிலிருந்து வழுக்கி, கண்ணாடியைத் தடவிக்கொண்டே போய், வெறும் காற்றில் நின்றது. கூட்டம் அவரைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து மேலேறியது. கிட் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

அம்மா நடுத்தெருவில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். மேலே, வளைவில், வண்டியின் இடப்பக்கத்திலிருந்து ஒரு கை வெளியே நீண்டு, கீழே எதையோ யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தது.