வேண்டுதலா அக்கா?

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதல்ல. நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த மாதங்களில் ஒருநாள், லிட்டில் இந்தியாவில் மசாலாக் கடை வாசலில் இடைவெளி விட்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் நெற்றிக்கு நேரே கடைக்காரர் ஜபருல்லா வெப்பமானியை நீட்டினார். அவள் முக்காட்டை விலக்கினாள். அது நழுவி விழுந்தது. மழுமழுவென்று தலை.

“வேண்டுதலா அக்கா? தண்ணிமலைக் கோயில்ல இந்த வருசம் மொட்டைக்கு விடலையே லா?”

“வீட்டுலயே எடுத்துக்கிட்டேண்ணே.”

அவளுடைய புறங்கையில் ஊசி குத்திய நீலத்தை நான் பார்த்துவிட்டேன். அவர் பார்க்கவில்லை.*

[இதுவரை கண்டது. இனி கற்பனை கலக்கும்.]

2

அவளுக்கு ரமணி என்று பெயர் வைக்கிறேன். முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘புற்றுநோய் ரமணியின் வாழ்க்கையை…’ வேண்டாம். அடுத்தது: ‘வெட்கப்பட்டுப் பொய் சொன்னாள்.’ அதையும் அடித்தேன். அந்தக் குரலில் வெட்கமே இல்லை.

என் ரமணி ஊசிக்குப் பயந்தவள் இல்லை. அவளுக்குப் பயம் அந்தக் கதவுதான். தொற்றுக் காலத்தில் கீமோ அறைக்குள் துணைக்கு ஆள் விடுவதில்லை. கணவன் கோகிலன் வெளியே காடியை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். உள்ளே எல்லாரும் கவசத்துக்குள். பக்கத்து நாற்காலி காலி. மருந்து சொட்டும் நேரமெல்லாம், இப்படியே செத்துப்போனால் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்ற ஒரே நினைப்பு. நாளை போவதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் மிளகாய்த்தூள் வாங்க வந்திருக்கிறாள். கோகிலனுக்குத் தெரியாது.

3

ஜபருல்லா விடவில்லை. “என்ன வேண்டுனீங்க?”

அவள் வெகுநேரம் பேசவில்லை. (இந்த மௌனத்துக்கு மூன்று பத்தி எழுதிக் கிழித்தேன். அது அவளுடையது, இருக்கட்டும்.)

“இன்னும் முடியலண்ணே. பாதியிலதான் நிக்குது.”

“அட! எனக்கு உங்க சாமி வழக்கம் தெரியாது. ஆனா மொட்டையும் போட்டுட்டு பாதியில விட்டா, முடி நஷ்டம்தானே லா?”

ரமணி சிரித்துவிட்டாள். முகக்கவசத்துக்குள் அந்தச் சிரிப்பின் சூடு அவள் முகத்திலேயே பட்டது.

4

முடிவு ஒன்று: முடி வளர்ந்து, பூ வைத்துக்கொண்டு அதே கடைக்கு வருகிறாள். அது என் ஆசை. முடிவு இரண்டு: அவளுடைய நாற்காலியும்… எழுத மாட்டேன்.

என்னிடம் இருப்பது மறுநாள் காலை மட்டும். மருத்துவமனை வாசலில் காடி நிற்கிறது.

“போரடிச்சா போன் போடு. பாடுறேன்,” என்கிறான் கோகிலன்.

“அதுக்கு கீமோவே தேவலாம்.”

முக்காட்டை மடித்து அவன் மடியில் வைக்கிறாள். “யாராச்சும் கேட்டா வேண்டுதல்னு சொல்லு.”

“வேண்டுதலா? என்னடி வேண்டுன?”

ரமணி இறங்கி, நெற்றிக்கு வெப்பம் பார்க்கும் வரிசையில் போய் நிற்கிறாள். அங்கிருந்து திரும்பி, அவனுக்கு ஏதோ சொல்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் இப்போது நிற்பது நீங்கள்.

____

* அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் அத்தனை பேர் முன்னால் அந்தக் கடைக்காரர் குன்றிப்போயிருப்பார். அவ்வளவு பயத்துக்கு நடுவிலும் அவரைக் காப்பாற்றத் தோன்றியதே! அதற்காகத்தான் எழுதுகிறேன்.