சுவரோரம் ஒரு பாத்தி

தையல்காரர் ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைத்தவர். மண்வெட்டியை மட்டும் பிறந்ததிலிருந்து தொட்டதில்லை. அப்படிப்பட்டவர் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே, அஸ்திவாரத்தை ஒட்டிப் பாத்தி போடக் கிளம்பினார் என்றால் அது மனைவிக்காகத்தான்.

அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவள். எலும்பு கூடிவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் ஆயிற்று. அவள்தான் எழவில்லை. "மறுபடி விழுந்தா?" என்பாள். கட்டிலைவிட்டு இறங்க அவர் தோள் வேண்டும். இப்படியே படுத்த படுக்கையாகிவிடுவாளோ என்று அவருக்கு உள்ளூர உதறல்.

ஜன்னலில் பூ தெரிந்தால் ஆசைக்காவது எழுந்து வருவாள் என்று கணக்குப் போட்டார். ஜன்னலோ உயரம், சாமந்திச் செடியோ குட்டை. அதனால் என்ன? மூட்டை மூட்டையாக மண்ணை இறக்கிச் சுவரோடு சுவராகக் குவித்தார். மேட்டின்மேல் பூவும் மொட்டுமாக நட்டார். துணியில் ஒரு அங்குலம் கூடினாலே பதறுகிற மனிதர், தண்ணீரை மட்டும் அளவில்லாமல் குழாயில் திறந்துவிட்டார்.

"பூத்துக் குலுங்குது. ஒருதரம் வந்து பாரேன்."

"நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி" என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. ஆனாலும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

நாலைந்து நாள் கழித்து அவர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏங்க! சுவரெல்லாம் ஈரமா இருக்கே?"

"வெயில் வந்தா காஞ்சிடும்மா."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த வீடு எழும்பியபோது மேஸ்திரியையே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டவள் அவள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது.

"உங்களுக்கு அறிவிருக்கா? சுவத்த ஒட்டி யாராவது மண்ணக் கொட்டுவாங்களா? ஒரு முழம் தள்ளிப் போட்டா பூ பூக்க மாட்டேன்னுதா? பெயிண்டெல்லாம் உரிஞ்சு என் தலையில கொட்டுது!"

தண்ணீர் அவர் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் கெஞ்சிக் கூத்தாடியும் எழாதவள் எதிரே நிற்கிறாள். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"என்ன சிரிப்பு? நான் என்ன..." என்றவள் சட்டென்று குனிந்து தன் காலைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. இரண்டு கையாலும் கம்பியைப் பற்றிக்கொண்டாள். "ஏங்க, கால் நடுங்குதுங்க."

"அப்படியே புடிச்சுக்க. இதோ வந்துட்டேன்." குழாயைப் போட்டுவிட்டு ஓடினார்.

"நில்லுங்க! அந்தச் சேத்துக் காலோடயா உள்ள வரப் போறீங்க?"

போவதா நிற்பதா என்று தெரியாமல் அவர் ஜன்னலுக்கே திரும்பி வந்தார். அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டாள். பிறகு கம்பியை விட்டுவிட்டு, சுவரைத் தடவியபடி ஒவ்வொரு அடியாக நடந்தாள். அவர் கம்பி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டில் வந்தது. உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தார். அவள் அதைத் தாண்டி வாசல் பக்கம் போனாள்.

"எங்கம்மா போற?"

"வெளியதான். அந்த மண்ண வெட்டிச் சுவத்தவிட்டு ஒரு முழம் தள்ளிப் போடணும்ல. மறுபடியும் நீங்களா வெட்டி வேற எதையாவது கெடுத்து வைக்கறதுக்கா? நான் பக்கத்துல நிக்கிறேன், வெட்டுங்க."