ஒரே டேக்

கேரம் ராணி என்றால் சும்மாவா! ஆவடி குவார்ட்டர்ஸ் ஜெபாவை இன்ஸ்டாவில் நாற்பதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். காயை எதிர்ச்சட்டத்தில் மோதவிட்டுத் தன் பக்கத்துப் பாக்கெட்டுக்கே திருப்பிக் கொண்டுவரும் ‘டபுள்’தான் அவள் சரக்கு. அது விழுவதற்குள் எத்தனை தடவை தப்பியது, எத்தனை ராத்திரி தூக்கம் போனது என்று யார் கேட்டார்கள்? தப்பியதையெல்லாம் அழித்துவிட்டு விழுந்ததை மட்டும் ஏற்றினால் நானும்தான் ராணி!

அன்று குவார்ட்டர்ஸ் மன்றத்தில் இறுதிப் போட்டி. ஜெயித்தால் மாவட்ட அணி. எட்டாம் வகுப்பிலிருந்து ஜெபா ஏங்கிய இடம் அது. எதிரே மண்ணூர்பேட்டை ராஜகுமாரி, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். ஜெபாவின் தோழி பவ்யாவோ போர்டுக்கு மேலேயே போனை நீட்டி லைவ் ஓட்டினாள். ஓர் அடி அடிப்பதும் கமெண்ட்டை எட்டிப் பார்ப்பதுமாக இருந்த ஜெபா முதல் ஆட்டத்தைக் கோட்டை விட்டாள். இரண்டாவதை எப்படியோ இழுத்துப் பிடித்தாள்.

மூன்றாவது ஆட்டம், கடைசிச் சுற்று. ஜெபாவுக்குச் சிவப்பும் ஒரு வெள்ளையும் பாக்கி. ராஜகுமாரியின் ஒற்றைக் கறுப்பு பாக்கெட் வாயிலேயே நின்றது. ஜெபா தப்பவிட்டால் கதை முடிந்தது.

“டபுள் போடச் சொல்றாங்கடி! எல்லாரும் அதுக்குத்தான் வெயிட் பண்ணிகினு கீறாங்க!” என்று குதித்தாள் பவ்யா.

சிவப்பு நேராகத் தட்டினாலே விழும் இடத்தில் இருந்தது. ஆனாலும் ஜெபாவின் கை டபுளுக்குத்தான் ஸ்ட்ரைக்கரை நகர்த்தியது. அடச்சீ, இங்கே அழித்துவிட்டு மறுபடி அடிக்க முடியாதே! அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

“போனை ஆஃப் பண்ணு.”

“இன்னாடி சொல்ற? ஆயிரம் பேரு பாக்குறாங்க!”

“ஆடுறது நான்தானே? வையிடி கீழ!”

போன் பவுடர் டப்பா பக்கத்தில் குப்புற விழுந்தது. ஜெபா சிவப்பை நேராக, மெதுவாகத் தட்டினாள். விழுந்தது.

சிவப்பு செல்ல வேண்டுமானால் கையோடு வெள்ளையையும் போட்டாக வேண்டும். அதன் நேர்வழியில் கறுப்பு குறுக்கே நின்றது. பட்டால் எதிராளியின் காய் விழும், ஆட்டமும் போகும். மிச்சமிருந்த ஒரே வழி டபுள்!

ஜெபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ தடவை தப்பிய கை அது. எப்படியெல்லாம் தப்பும் என்பது அதற்கு அத்துப்படி. சுண்டினாள். வெள்ளை எதிர்ச்சட்டத்தில் மோதி, அலட்டிக்கொள்ளாமல் திரும்பி வந்து, அவள் முழங்கைப் பக்கத்துப் பாக்கெட்டில் இறங்கியது.

மன்றமே அதிர்ந்தது. ராஜகுமாரி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். “செம அடி! ஒன் ரீலெல்லாம் டுபாக்கூர்னுதான் நெனச்சிகினு இருந்தேன்.”

பவ்யா தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, இதைப் போய் எடுக்காம வுட்டுட்டோமே! இன்னொரு தபா போடுடி!”

“இன்னொரு தபாவெல்லாம் கிடையாதுடி!” என்று கத்திக்கொண்டே ஜெபா கோப்பையை வாங்க ஓடினாள்.