திருத்தப்பட்ட மலை

கடைசி பெஞ்சில் ஆய்வாளர் முன்தர் கால்களை மடக்கி, முழங்கால் மேல் ஃபைலை வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் இன்று போடும் மதிப்பெண்ணில்தான் ரவ்தாவின் வேலை நிரந்தரமாக வேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருடம் தற்காலிக ஆசிரியை. அய்ன் தராஹாம் ஊருக்குப் போகும் வழியில் இருந்த அந்த மலைப்பள்ளியில் ஒரு வாரமாக மழை விடவில்லை. சுவரெல்லாம் ஈர வாடை.

நாலாம் வகுப்புக்குத் திருத்தப் பாடம். சுமாரான ஒரு கட்டுரையை எடுத்து, யார் எழுதியது என்று சொல்லாமல் பலகையில் எழுதிப் போட வேண்டும். வகுப்பே சேர்ந்து ஒவ்வொரு வாக்கியமாக அழகாக்கும். தலைப்பு 'மழை நாள்'. மற்ற பிள்ளைகள் கடையில் விற்கும் மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தை மனப்பாடம் செய்து, வானத்துக்குச் சாம்பல் போர்வையும் பூமிக்குத் தாகமும் கொடுத்திருந்தார்கள். மரக்கரி சுடுபவரின் மகள் சமாஹ் வீட்டில் அந்தப் புத்தகம் இல்லை. சிவப்புப் பேனாவோடு அவள் கட்டுரையைப் படித்தபோது ரவ்தாவின் கண் உவமையைத்தான் தேடியது. ஒன்றுகூட இல்லை. திருத்துவதற்கு இதைவிட வாகானது கிடைக்காது என்று அப்போதே எடுத்து வைத்துக்கொண்டாள்.

பலகையில் எழுதினாள்: 'மழை பெய்கிறது. எங்கள் ஆலிவ் மரங்கள் சாய்ந்துவிட்டன. ராத்திரி மலைக்குள் கல்லோடு கல் உரசுகிறது. பள்ளிக்குப் பின்னால் தரை பிளந்திருக்கிறது. என் கை உள்ளே போகிறது.'

"யாரோடதுன்னு எனக்குத் தெரியும்," என்று உவைஸ் கிசுகிசுத்தான். "கரிமூட்டக்காரர் பொண்ணோடது. எழுத்துலயே கரி ஒட்டியிருக்கு பாரு."

"உன் எழுத்துல புத்தகக் கடைக்காரன் பேரே ஒட்டியிருக்கு, போடா," என்றாள் சமாஹ்.

"அங்க என்ன பேச்சு? மரங்கள் சாய்ந்துவிட்டன. இதை யார் அழகாக்குறீங்க?"

தஸ்னீம் துள்ளி எழுந்தாள். "ஆலிவ் மரங்கள் மழையை வணங்கித் தலைகுனிந்தன, டீச்சர்!"

ஆய்வாளர் தலையசைத்து ஏதோ குறித்துக்கொண்டார். ரவ்தாவுக்கு மனம் குளிர்ந்தது. பழைய வாக்கியத்தை அழித்துப் புதியதை எழுதினாள். மலைக்குள் உரசிய கற்களை ஒரு பையன் தாலாட்டாக மாற்றினான்.

"எங்க வீட்டுலயும் அது கேக்குது, டீச்சர்," என்றது ஜன்னலோரக் குரல் ஒன்று. "எலின்னு அம்மா சொன்னாங்க."

வகுப்பு சிரித்தது. "தலைப்பை விட்டு வெளிய போகக் கூடாது," என்றாள் ரவ்தா, ஆய்வாளருக்கும் கேட்கும்படி.

பிளந்த தரைக்கு யாரும் கை தூக்கவில்லை. சாதாரணமாக முந்திக்கொண்டு கத்துகிற பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் உவைஸ் எழுந்து, "பூமி வாய் திறந்து புன்னகைத்தது," என்றான்.

"சபாஷ்!" என்றார் ஆய்வாளர். "கற்பனைன்னா இது."

ரவ்தா அழிப்பானை எடுத்தாள். 'என் கை உள்ளே போகிறது' என்ற இடத்தில் அவள் கை நின்றுவிட்டது.

"சமாஹ், எவ்வளவு தூரம் போகுது?"

பெயரைச் சொல்லிவிட்டாள். ஆய்வாளரின் பேனா நிமிர்ந்தது.

"முதல்ல விரல் மட்டும்தான் போச்சு, டீச்சர். கட்டுரை எழுதினப்ப முழங்கை வரைக்கும். இன்னைக்குக் காலையில உவைஸோட பந்து விழுந்துச்சு. விழுந்த சத்தமே கேக்கல."

"புதுப் பந்து, டீச்சர்," என்றான் உவைஸ். அவன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"மேடம், பாடம் நடுவுல நிக்குது," என்றார் ஆய்வாளர். "முடிவுரை இன்னும் எழுதல."

அவளுக்கும் அது தெரிந்தது. முடிவுரை எழுதி, எல்லோரும் ஒரு முறை படித்துவிட்டால் போதும். மதிப்பெண் ஏறக்குறைய கைக்கு வந்துவிட்டது.

"பையை எல்லாம் விட்டுட்டு, வரிசையா வெளிய வாங்க," என்றாள்.

"இந்த மழையிலயா? இதை நான் எழுதியாகணும்."

"எழுதுங்க சார். வெளிய வந்து எழுதுங்க."

மற்ற வகுப்புகளுக்கு மதியம்தான் பள்ளி. அதனால் கட்டடத்தில் வேறு யாருமில்லை. பிள்ளைகளைச் சாலைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய், ஒரு பெரிய கார்க் மரத்தடியில் நிறுத்தினாள். மலை அசையாமல் நின்றது. கூரையில் தண்ணீர் வழிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. யாரோ தும்மினார்கள், யாரோ அதற்குச் சிரித்தார்கள்.

ஆய்வாளர் குடையை விரித்துக்கொண்டு மெதுவாக வந்து சேர்ந்தார். "மலை இருந்த இடத்துலதான் இருக்கு, மேடம். உங்க வேலைதான் நகர்ந்துடுச்சு."

ரவ்தாவின் முகம் எரிந்தது.

சமாஹ் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சிறுமி மலையைப் பார்க்கவில்லை, கீழே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இங்கயும் இருக்கு."

தார்ச்சாலையின் குறுக்கே மயிரிழையாக ஒரு கோடு. மழைத் தண்ணீர் அதை வந்து தொட்டதும் காணாமல் போனது. ஆய்வாளரின் இரண்டு காலணிகளுக்கும் நடுவில் அது போயிற்று. அவர் ஒரு காலை எடுத்தார், எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.

"எந்தப் பக்கம் போறது, பாப்பா?" என்று சமாஹைக் கேட்டார்.

"அப்பா விடிஞ்சதும் ஆடுங்கள எல்லாம் ஓடைக்கு அந்தாண்ட ஓட்டிட்டுப் போனாரு."

பிள்ளைகள் ஓடைப் பக்கம் திரும்பினார்கள். முன்னால் நின்றவர்கள் முண்டியடித்தார்கள். ஓடாதீங்க என்று சொல்ல வாயெடுத்த ரவ்தா, "ஓடுங்க," என்றாள்.