முதலில் பேச வேண்டியவள்

என் மனைவி சிகுசாவுக்கு 'வேண்டாம்' என்று சொல்லவே வராது. இருபது வருடமாகத் தபால் நிலையத்தில் வேலை. வரிசையை மீறி முன்னால் வருகிறவனிடம்கூட அவள்தான் குனிந்து மன்னிப்புக் கேட்பாள். அவளைப் பற்றித்தான் இன்று என் மீன்கடைக்கு வருகிற எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஜப்பானில், எங்கள் ஊரான நீகாத்தாவின் மலைகள் எங்களுக்கு அத்துப்படி. கடல் தாண்டி வடக்குத் தீவான ஹொக்கைடோவுக்குப் பனிச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு நானும் சிகுசாவும் போனது இதுதான் முதல் தடவை. கூட வந்தவர் நுமாஜிரி அண்ணன். கல்லூரிப் பனிச்சறுக்குக் குழுவில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். ஐம்பது வயதிலும் அவர் நட என்றால் நடப்பேன்.

அண்ணன் வைத்த விதி ஒன்று உண்டு. தெரியாத சரிவில் இறங்குமுன் எல்லோரும் கருத்துச் சொல்ல வேண்டும். இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில். எங்கள் மூவரில் இளையவள் சிகுசா. மூத்தவர் வாய் திறந்துவிட்டால் எங்கள் ஆட்களில் மற்றவர் வாய் ஒட்டிக்கொள்ளும். ஒருவர் வேண்டாம் என்றாலும் திரும்பிவிட வேண்டும்.

யார் யார் போகிறோம் என்று எழுதி, அடிவாரப் பெட்டியில் மலையேறும் படிவத்தைப் போட்டோம். தலைவர் பெயர்: நுமாஜிரி. பனியில் புதைந்தால் இடம் காட்டும் கருவி மூவரிடமும் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பலகையை முதுகில் கட்டி ஏறினோம். மூன்று மணி நேரத்தில் முகடு. அந்தப் பக்கம் ஒரு தடம்கூட இல்லாத வெள்ளைச் சரிவு.

"ஆகா, இதுக்குத்தான்டா வந்தோம்! நான்தான் முதல்ல!" என்று கத்தினார் அண்ணன். விதியைப் போட்டவரே மறந்துவிட்டார்.

விளிம்பை நோக்கி நாலு எட்டு வைத்திருப்போம். காலடியில் 'தொம்' என்று ஒரு சத்தம். பனியில் மெல்லிய விரிசல் ஒன்று ஓடியது. அடியில் இருக்கும் பனி பிடிப்பில்லாமல் கிடக்கிறது என்று அதற்கு அர்த்தம். பனிச்சரிவு வர அது போதும். எனக்கு நன்றாகவே தெரியும்.

"சரிதானேடா?" என்றார் அண்ணன்.

"சரிண்ணே." பாழாய்ப்போன என் நாக்கு அப்படித்தான் சொன்னது.

சிகுசா முதுகிலிருந்து பலகையை இறக்கவே இல்லை. "நான் வரலண்ணே."

"என்னம்மா, பயமா?"

"பயந்தான். காலுக்கடியில சத்தம் கேட்டுச்சு. ராத்திரி அடிச்ச காத்து அத்தனை பனியையும் இங்கதான் கொண்டாந்து கொட்டியிருக்கு. முதல்ல நான்தான் பேசியிருக்கணும். நீங்க முந்திக்கிட்டீங்க. இப்ப சொல்றேன். வேண்டாம்."

 சொல்லிவிட்டுக் குனிந்து மன்னிப்பும் கேட்டாள், பழக்கம் போகுமா? ஆனால் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"கப்பலேறி வந்தது திரும்பி நடக்கவா? நீ சொல்லுடா!" அண்ணன் முகம் சிவந்துவிட்டது.

"அவ சொன்னதுதாண்ணே," என்றேன். முப்பது வருடத்தில் அவரை மறுத்துப் பேசியது அதுதான் முதல் முறை.

வந்த வழியே காட்டுக்குள் இறங்கினோம். 

சாயங்காலம் வெந்நீர்க் குளத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர், மதியம் இரண்டு பையன்கள் அதே சரிவில் இறங்கிச் சுகமாக வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் குத்திக்காட்டுவார், பதிலுக்கு நானும் ஒரு பிடி பிடிக்கலாம் என்று தயாராக இருந்தேன்.

அவர் தலையில் துண்டை வைத்துக்கொண்டு கழுத்துவரை முங்கியிருந்தார். "எனக்கும் அந்தச் சத்தம் கேட்டுச்சுடா," என்றார். "'நான்தான் முதல்ல'ன்னு கத்தித் தொலைச்சிட்டேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மாத்திச் சொல்றது?"

"எனக்குந்தாண்ணே கேட்டுச்சு."

கேட்டது மூன்று பேருக்கு. பேசியது அவள் ஒருத்தி. எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது.

மறுநாள் காலை, மரங்கள் அடர்ந்த சாய்வு குறைந்த சரிவுக்குப் புறப்பட்டோம். அடிவாரத்தில் அண்ணன் படிவத்தை எடுத்து, தலைவர் பெயர் என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் 'சிகுசா' என்று எழுதினார்.

"ஐயோ, வேண்டாண்ணே!"

"இந்த 'வேண்டாம்' செல்லாது. நடம்மா முன்னால."

பெட்டியில் போடுமுன் அந்தப் படிவத்தைப் படம் பிடித்துக்கொண்டேன். இப்போது அது கடையில் தராசுக்கு மேலே தொங்குகிறது. மீன் வாங்க வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் போக நான் விடுவதில்லை.