கத்திக்காரனுக்கு அக்காவின் குரல்

பேரத்தில் என்னை யாரும் மடக்க முடியாது. ஆனால் அக்கா போட்ட நிபந்தனைக்கு மட்டும் ஒரு வார்த்தை குறைக்காமல் தலையாட்டினேன்.

"உங்க கேம்ல பைத்தியம்னா கத்தியத் தூக்கிட்டு வருவான். என் காதுல கேக்குற குரல் அப்படியில்லடா. குழாயை மூடினியான்னு கேக்கும், அவ்வளவுதான். ஆனா நாள் பூரா கேக்கும்."

வெளிச்சத்தம் கேட்காமலிருக்கத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து, அதை எங்கள் விளையாட்டுக்காகத் தன் குரலிலேயே பதிவு செய்து கொடுத்தாள். ஒரே நிபந்தனை: கத்தி பிடித்தவன் வாயில் இது வரக் கூடாது.

இன்று அவளே ஆடிப் பார்க்க வந்திருந்தாள். பக்கத்தில் வெளியீட்டாளர். எங்கள் விளையாட்டை எடுப்பதா வேண்டாமா என்று இன்றே சொல்லிவிடுவார்.

திரையில் நான்காவது கட்டத்தின் கதவை அக்கா நெருங்கியபோது முட்டுச்சந்து என் விலாவில் இடித்தான். கட்டங்களை அமைப்பவன் அவன். போடும் வழியெல்லாம் சுவரில் போய் முட்டுவதால் அந்தப் பெயர்.

"கெட்டது குடி, அண்ணே. கத்திக்காரனுக்குக் குரல் இன்னும் பதிவாகலைன்னு ஒப்புக்கு அக்கா குரலப் போட்டு வச்சேன். மாத்த மறந்துட்டேன்."

"எந்தக் கத்திக்காரன்?"

"அந்தக் கதவுக்குப் பின்னாடி நிக்கிறவன்."

"அக்கா, ஒரு டீ குடிச்சிட்டு..." என்று இழுத்தேன்.

"சும்மா இருடா."

கதவு திறந்தது. இருட்டிலிருந்து முதலில் கத்தி வந்தது. பிறகு குரல். "குழாயை மூடினியா?"

அக்காவின் கட்டைவிரல் நின்றது. அவன் நெருங்கினான். அடிக்கும் பொத்தானை அவள் தொடவேயில்லை. திரை சிவந்தது.

வெளியீட்டாளர் கைதட்டினார். "பிரமாதம்! முதுகு சில்லிட்டுப் போச்சு. இத மட்டும் மாத்திடாதீங்க."

அக்கா என்னைப் பார்த்தாள்.

"தப்பு நடந்துபோச்சுக்கா. உன் குரல இப்பவே எடுத்துடறோம்."

"குரல் இருக்கட்டும். கத்திய எடு."

"கத்தி போனா நானும் போறேன், தம்பி" என்றார் வெளியீட்டாளர், சிரித்தபடியே. அந்தச் சிரிப்பை நான் அறிவேன். நானே பல பேரிடம் சிரித்திருக்கிறேன்.

"எடுடா" என்றேன் முட்டுச்சந்திடம். அவன் அங்கேயே கணினியில் கத்தியை நீக்கினான்.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆடிப் பாருங்க சார்" என்று அக்கா கருவியை அவரிடம் நீட்டினாள்.

கதவு திறந்தது. கத்திக்காரன் வெறுங்கையோடு வந்தான். "குழாயை மூடினியா?" வெளியீட்டாளர் பழக்கதோஷத்தில் அடித்தார். அடிபட்டால் என்ன செய்வான் என்று நாங்கள் முன்பே அமைத்திருந்ததைத்தான் செய்தான்: காதைப் பொத்திக்கொண்டு குந்தினான். கேள்வி மட்டும் நிற்கவில்லை. "மூடினியா? மூடினியா?"

யாரும் கைதட்டவில்லை.

"இவன் என்னை ஒண்ணுமே பண்ணலியே" என்றார், யாரிடமென்றில்லாமல். பிறகு, "முதல்லேருந்து போடுங்க."

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ வாக்குத் தவறினது வேற விஷயம். அத வீட்ல பேசிக்கலாம்" என்றாள் என்னிடம். ஆனால் போகவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

கதவு மறுபடி திறந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை. அடிக்கும் பொத்தான் மேலிருந்த வெளியீட்டாளரின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.