வெளிச்சம் தெரிந்தால் அழுத்து

இடது பக்கத்திலிருந்து வந்த ஸ்கூட்டர் குமரேசனுக்குத் தெரியவே இல்லை. ஆரணி மார்க்கெட் தெருவில், தறிக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய பட்டுப் பாவு நூலோடு மொபெட்டிலிருந்து விழுந்தார். முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. ஆனால் மனசு கேட்காமல் வேலூரில் கண்ணைக் காட்டியபோது கிளாக்கோமா என்றார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்துப் பார்வையை வலியில்லாமல் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

"போன பார்வை திரும்பாதுங்க. இருக்கறதைக் காப்பாத்தலாம்," என்றார் டாக்டரம்மா. "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? அவங்களுக்கும் வரலாம். கூட்டிட்டு வாங்க."

இருந்தது ஒரே தங்கை. தீபா வேலூர் போகிற வழியில் கண்ணமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டு, தையல் கடை வைத்திருந்தாள். ஊசி கோர்க்கிற கண்ணுக்கு என்ன கேடு என்று மறுத்துவிடுவாள். அதனால் குமரேசன் போனில் வேறு மாதிரி சொன்னார்.

"தனியா போவ பயமா இருக்குது பாப்பா. துணைக்கு வாயேன்."

அண்ணன் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை அவள் கேட்டதே இல்லை. மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு அவர் வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவள் பெயரைக் கூப்பிட்டபோதுதான் விஷயம் புரிந்தது. முறைத்தாள்.

"துணைக்குன்னு தானே சொன்னே?"

"ஆமா. நான் உனக்குத் துணை."

கையிலிருந்த பையை அவரிடம் திணித்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

பரிசோதனை இதுதான்: ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் நேராகப் பார்க்க வேண்டும். ஓரங்களில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வரும். தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். குமரேசன் விடாமல் அழுத்தினார்.

கருவியிலிருந்து வந்த பார்வைப் படத்தைப் பார்த்து டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். "ஐயா, வெளிச்சமே வராதப்பவும் அமுக்கியிருக்கீங்க. இன்னிக்கு எடுக்கறதை வெச்சுத்தான் இனிமே நோய் முத்துதா இல்லையான்னு ஒப்பிடுவோம். இதுவே தப்பா இருந்தா எதை நம்பி வைத்தியம் பண்றது?"

குமரேசன் தலையைக் குனிந்துகொண்டார். "நெறைய தெரியலன்னா வண்டி ஓட்டக் கூடாதுன்னுடுவீங்கன்னு..."

தீபாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரீட்சைன்னு நெனச்சிகினியாண்ணா? இது உன் கண்ணு."

டீ குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். இந்த முறை தெரிந்ததற்கு மட்டும் அழுத்தினார். படத்தின் இடது ஓரத்தில் கருப்புத் திட்டுகள் விழுந்திருந்தன. தீபாவின் பார்வை முழுசாக இருந்தது. ஆனால் கண் நரம்பைப் பார்த்தால் சந்தேகமாக இருப்பதாகவும், இப்போதைக்கு மருந்து வேண்டாம், வருஷா வருஷம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் டாக்டரம்மா சொன்னார்.

அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் வீடியோ கால் வரும். டாக்டரம்மா கொடுத்த சொட்டு மருந்தை அவர் விடுவதைத் தீபா பார்த்தாக வேண்டும். முதல் நாளே கத்தினாள்.

"நோவு கன்னத்துக்கா வந்துகீது? கண்ணுல வுடு! படுத்துகினு, கீழ் இமையை இழுத்துப் புடி."

படுத்தார், இழுத்தார், சொட்டு உள்ளே விழுந்தது. மொபெட்டை அவரே ஒதுக்கிவிட்டு ஷேர் ஆட்டோவில் போக ஆரம்பித்தார்.

அடுத்த பரிசோதனையின்போது, வெளிச்சம் எதுவும் தெரியாமல் போன ஒவ்வொரு நொடியும் அழுத்திவிடலாமா என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் விரலை அசைக்கவில்லை. டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மாறலைங்க. அழுத்தமும் எறங்கியிருக்கு."

"அப்ப சரியாவலையா?"

"மோசமாகலை. இந்த நோய்ல அதுதான் நல்ல சேதி."

அவரை முந்திக்கொண்டு, கூட வந்திருந்த தீபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும் பஸ் கண்ணமங்கலத்தில் நின்றது. இறங்கியவள் ஜன்னலோரம் வந்து, "ராத்திரி போன் பண்றேன். ஜல்தி எடு. எடுக்கலன்னா ஆரணிக்கே வந்துடுவேன்," என்று மிரட்டிவிட்டுப் போனாள்.

பஸ் நகர்ந்தது. புதிதாக ஏறியவர்களுக்கு டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடம், அவர் கேட்காமலே, "என் தங்கச்சிங்க," என்றார் குமரேசன்.